கோன் செட்

வண்டி எங்கள் இருவருக்கும் பொது.
பாதிப் பணம் ரஹ்மத் பீவி, பாதி நான்.
திங்கள் புதன் வெள்ளி அவளுக்கு,
செவ்வாய் வியாழன் சனி எனக்கு,
ஞாயிறு, பெட்ரோல் போட்டவளுக்கு.
பதினேழு நாளாகப் பேச்சு இல்லை.
சாவி மட்டும் காம்பவுண்டுச் சுவர்மேல்
ஒரு சிரட்டைக்குள் வந்து போகும்.

நேரே போகையில் ஹேண்டில் எதிலோ சிக்கும்.
சின்ன வளைவென்றால் மறுக்கும்,
வற்புறுத்தினால் பெரிதாய் வளையும்.
நீதான் குலவணிகர்புரம் கேட்டில்
தண்டவாளத்து மேல விரட்டினே என்றேன்.
நீதான் சபை ஆட்கள் மூணு பேரை ஏத்தினே என்றாள்.
அதோடு நின்றது.

மெக்கானிக் உச்சிமாகாளி
முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.
"கோன் செட் போயிட்டு. ஆயிரத்து அறுநூறு ஆவும்."
சாமான் விலை முந்நூற்று நாற்பது.
மீதி அவர் கைக்கு.
கை எனக்கும் இருக்கிறது.

ஆராதனை முடிந்து வந்ததும்
பின்சீட்டில் அரிசி மூட்டையைக் கட்டினேன், முன்பக்கம் எழும்ப.
ஜன்னல் கம்பியோடு ஒரு கயிறு.
சக்கரம், மட்கார்டு, பிரேக் வயர்;
கழற்றிய வரிசையிலேயே காலண்டர் தாளில் பரப்பினேன்.
பெரிய நட்டுக்கு ஸ்பேனர் இல்லை.
குழாய்க்காரர் மறந்து விட்டுப்போன பைப் ரிஞ்சு
நட்டைக் கொஞ்சம் கடித்தது. கடிக்கட்டும்.

பழைய கிண்ணத்தைத் துடைத்தேன்.
நேரே போகிற இடத்தில் மட்டும்
அம்மைத் தழும்பாய் வரிசைக் குழி.
திரும்புகிற பக்கமெல்லாம்
கடையில் வாங்கிய அன்றைய பளபளப்பு.
எந்தக் குழி எந்தக் கிழமையில் விழுந்ததென்று
இரும்பு எழுதி வைக்கவில்லை.

ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும்.
சுற்றிச் சுற்றித் தட்டினேன்,
நாற்பதாம் அடியில் வெளியே குதித்தது.
புதுக்கிண்ணம் நோகாமல் இறங்க
பழையதையே மேலே கவிழ்த்து
அதன் முதுகில் அடித்தேன்,
சுத்தியல் சத்தம் மாறும்வரை.

கிரீஸைக் களிமாதிரி அப்பி
ஒவ்வொன்றாய்ப் பதித்தேன்.
கீழே இருபத்தொன்று, மேலே இருபத்தொன்று.
ஃபோர்க்கைத் தாங்க ஒரு கை,
கோனை வைக்க ஒரு கை,
நட்டு மூன்றாவது கையைக் கேட்டது.
முதல் தடவை ஏழு பால்ஸ் உதிர்ந்தன.
அடுத்து பதினொன்று,
அதில் ஒன்று சாக்கடை மூடி ஓட்டைக்குள்.

சர்ச்சுக்குப் போய்வந்த வாயில்
வரக்கூடாத ஒரு சொல் வந்தது.
சுவருக்கு அந்தப்பக்கம் தையல் மிஷின் நின்றது.

"ஏட்டி ஜெவக்கனி, யாரை வையுதே?"
"பால்ஸை."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு செருப்புச் சத்தம்.
கையில், குண்டூசி பொறுக்குகிற காந்தம்.
நூலில் கட்டி ஓட்டைக்குள் இறக்கினாள்.
முதலில் ஒரு ஆணி வந்தது.
அப்புறம் சோடா மூடி.
அப்புறம் சேறோடு எங்கள் பால்ஸ்.
பெட்ரோலில் கழுவி
ஜாக்கெட் வெட்டுத்துணியில் துடைத்துத் தந்தாள்.

அவள் சப்பணம் போட்டு உட்கார்ந்து
ஃபோர்க்கை ரெண்டு கையாலும் ஏந்தினாள்.
நான் கோனை வைத்து நட்டைப் பூட்டினேன்.
இறுக்கு என்றாள்.
இறுக்கினேன். ஹேண்டில் கல்லாய் நின்றது.
"அய்ய, லூசு பண்ணு."
உள்ளே கடகடத்தது.
"இவ்வளவா?"
"அதுல பாதி. ஒரு நூல்."
கொத்தனார் சொல்கிற நூல் இல்லை அது,
தையல்காரி சொல்கிற நூல்.

நடுவில் நிறுத்திக் கையை எடுத்தேன்.
ஹேண்டில் யாரையும் கேட்காமல்
மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.
மறுபடி நிறுத்தினேன்.
மறுபக்கம் போய்ப் படுத்தது.

பெட்ரோல் யார் போட்டதென்று இருவரும் கேட்கவில்லை.
கேட் மூடியிருந்தது.
செங்கோட்டை ரயிலா திருச்செந்தூர் ரயிலா என்றாள்,
எதுவாயிருந்தால் என்ன என்றேன்.
திறந்ததும் முதுகில் தட்டினாள்:
"மெதுவா ஏத்து."
"அன்னைக்கு நீ மெதுவாத்தான் ஏத்தினியோ?"
"முன்னால பாத்து ஓட்டுட்டி."

தண்டவாளம் நாலும் தாண்டியாயிற்று.
வீட்டில், காலண்டர் தாளில்
ஒரு வாஷர் மிச்சம் கிடக்கிறது.
அதை நான் இன்னும் சொல்லவில்லை.